சந்தியில் நிற்கும் பிள்ளை
இடப்பெயர்வும் இளைஞர் குழுக்களும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மூதூர்க் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டி முகாமில் இருந்த காலம். சேமிப்புக் குழுக் கூட்டம் ஒன்று முடிந்து எல்லாரும் எழுந்து போன பின்பும் ஒரு தாய் மட்டும் போகாமல் நின்றார்.

“பாதர், ஒண்டு கேக்க வேணும். என்ர மகன் கெட்டவனில்லை. ஆனா காலமை வெளிக்கிட்டா இரவுதான் வாறான். எங்க போனனீ எண்டு கேட்டா, ‘பெடியங்களோட’ எண்டுறான். அந்தப் பெடியங்கள் ஆர் எண்டு எனக்குத் தெரியாது. அவரும் கேக்கிறாரில்லை. கேட்டா, ‘நீங்கள் எனக்கு என்னத்தைத் தந்தனீங்கள்’ எண்டு சொல்லிப்போடுவானோ எண்டு அவருக்குப் பயம்.”

அன்று நான் சொன்னது ஆறுதல் மட்டுமே. நல்ல பிள்ளைதானே, வயது போகத் திருந்துவான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த முறை அந்தப் பிள்ளையைக் கண்டபோது அவனுக்கு 17 வயது. இரண்டு கூட்டங்களுக்கு இடையில் நடந்த சண்டையில் கையில் வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். கட்டிலின் ஓரத்தில் அவனுடைய தகப்பன் ஒன்றும் பேசாமல் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

நல்ல குடும்பத்துப் பிள்ளை ஏன் இப்படிப் போகிறான்? பிள்ளையின் குணமா, சேர்க்கையா, சினிமாவா, கைத்தொலைபேசியா என்று நாம் ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். ஆனால் இடம்பெயர்ந்த மக்கள் மத்தியில் இளைஞர் குழுக்கள் உருவாவது எமது ஊரில் மட்டும் நடந்ததல்ல. அது எப்படித் தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது என்பதற்கு உலகில் நன்கு தெரிந்த உதாரணங்கள் உண்டு. அவற்றை அறிந்துகொண்டால் அந்தத் தாய்க்கு நான் சொல்லத் தவறிய பதில் கிடைக்கும்.

அவர்களும் நெல் விதைத்தவர்கள்

எம்மைப் போலவே நெல் விதைத்து, போரினால் நிலத்தை இழந்து, படகேறி, முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த மக்கள் தென்கிழக்காசியாவில் இருந்தார்கள். வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய மூன்று நாடுகளின் அகதிகளே அவர்கள். 1983 ஆடிக் கலவரத்தின் பின் நாம் நடந்த பாதையில், எமக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் நடந்து போனார்கள்.

1975 ஏப்ரல் 17இல் கம்போடியத் தலைநகர் நொம்பென் கெமரூஜ் படையிடம் வீழ்ந்தது. அதே மாதம் 30ஆம் திகதி தென்வியட்நாமின் சைகோன் வீழ்ந்தது. ஆண்டு முடிவதற்குள் லாவோசிலும் ஆட்சி மாறியது. அந்த ஒரே ஆண்டில் ஏறக்குறைய 1 இலட்சத்து 30 ஆயிரம் பேரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. முதலில் போனவர்களில் பெரும்பாலோர் படித்தவர்களும் முன்னைய அரசுடன் வேலை செய்தவர்களும் ஆவர். 1978இன் பின்னர் விவசாயிகளும் மீனவர்களும் சிறு வியாபாரிகளும் படகுகளில் ஏறினார்கள். மலேசியாவின் கரையோரத்தில் புலாவ் பிடோங் என்றொரு சிறு தீவு உண்டு. 1979இன் நடுப்பகுதியில் சுமார் ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 40,000 பேர் அளவில் அங்கே அடைந்து கிடந்தார்கள்.

கம்போடியர் பட்ட துன்பம் இன்னும் கொடியது. கெமரூஜ் ஆட்சி நகரங்களை வெறுமையாக்கி, மக்கள் அனைவரையும் வயல்களுக்கு விரட்டியது. குடும்பமாக இருந்து சோறு உண்பதையே தடைசெய்து, எல்லாரையும் பொதுச் சமையலில் உண்ணவைத்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி வேலைப் பிரிவுகளில் சேர்த்தது. பெற்றோரைக் காட்டிக்கொடுக்கும்படி பிள்ளைகளுக்குக் கற்பித்தது. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுவதற்குள் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கொலையாலும் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். எஞ்சியவர்கள் தாய்லாந்து எல்லைக்கு நடந்து போய் காவோ ஈ டாங் போன்ற முகாம்களில் தஞ்சம் புகுந்தார்கள். அங்கே வந்த பல குடும்பங்களில் தகப்பன் இல்லை.

லாவோசின் மலைகளில் வாழ்ந்தவர்கள் மொங் மக்கள். காடு வெட்டி எரித்து நெல் விதைப்பவர்கள். எமது சேனைப் பயிர்ச்செய்கை போன்றது அவர்களுடையது. மேகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு வந்து, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனார்கள்.

வீட்டுக்குள் நடந்த மாற்றம்

அமெரிக்காவில் இம்மக்கள் வாடகை குறைந்த நகரப் பகுதிகளில் குடியேறினார்கள். கம்போடியரில் பெருந்தொகையினர் கலிபோர்னியாவின் லோங் பீச் நகருக்குப் போனார்கள். அதுவும் எமது திருகோணமலையைப் போல ஒரு துறைமுக நகரம். மொங் மக்களில் பலர் மினசோட்டா மாநிலத்தின் சென் போல் நகரிலும் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவிலும் குடியேறினார்கள்.

முதல் மாற்றம் வீட்டுக்குள்தான் நடந்தது. ஊரில் தகப்பன் அறிவாளி. எந்த மண்ணில் எதை விதைப்பது, மழை எப்போது வரும், மாட்டுக்கு நோய் வந்தால் என்ன கொடுப்பது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மகன் அவரோடு வயலுக்குப் போய் அவற்றை அவருடைய கையிலிருந்தே கற்றான். நகரத்தில் அந்த அறிவுக்கு விலை இல்லை. பேருந்தில் ஏறவும் கடிதம் வாசிக்கவும் தகப்பனுக்குத் தெரியாது. பிள்ளையோ சில மாதங்களில் ஆங்கிலம் பிடித்துக்கொண்டான். வைத்தியரிடமும் அலுவலகத்திலும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் தகப்பனுக்காகப் பேசுபவன் அவனே. பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தை வாசித்துச் சொல்பவனும் அவனே. தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை தகப்பனிடம் என்ன சொல்லுவான்?

இப்படி வீட்டில் யார் பெரியவர், யார் சிறியவர் என்பது தலைகீழாகியது. தகப்பன் கண்டித்தால் பிள்ளை கேட்பதில்லை. கேட்காத பிள்ளையைத் தகப்பன் அடித்தார். அடித்த தகப்பனைச் சட்டம் கேட்டது. அதன்பின் தகப்பன் பேசுவதையே விட்டுவிட்டார். தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் பெற்றோர் வீடு வரும்போது பிள்ளை வீட்டில் இல்லை.

வாசகர்களே, இது தூர தேசத்துக் கதை மட்டுமா? எமது முகாம்களில் மொழி மாறவில்லை. ஆனால் வேறு பல மாறின. வயலில் காவல் இருந்த தகப்பன் வரிசையில் நின்று நிவாரணம் வாங்கினார். பிறர் வயலிலும் துறைமுகப் பக்கத்திலும் நாட்கூலி தேடினார். சிங்களத்தில் வரும் படிவத்தையும் கைத்தொலைபேசியில் வரும் செய்தியையும் பிள்ளை வாசித்துச் சொல்லக் காத்திருந்தார். 2006 ஏப்ரலில் சம்பூரிலிருந்து ஓடியபோது 5 வயதாக இருந்த பிள்ளைக்கு, 2016இல் கடைசிக் காணிகள் விடுபட்டபோது 15 வயது. உழவையும் விதைப்பையும் சூடு அடிப்பையும் கற்கவேண்டிய அந்தப் பத்து ஆண்டுகளும் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் கழிந்தன. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகவேண்டிய ஒன்று நடுவில் அறுந்துபோனது.

பயத்தில் பிறந்த கூட்டம்

இரண்டாவது மாற்றம் தெருவில் நடந்தது. லோங் பீச்சில் கம்போடியர் குடியேறிய தெருக்களில் ஏற்கெனவே ஏழைகளான மெக்சிக்க வம்சாவளியினரும் கறுப்பினத்தவரும் வாழ்ந்தார்கள். அங்கே முன்னரே இளைஞர் குழுக்கள் இருந்தன. புதிதாக வந்த, உருவத்தில் சிறிய, மொழி தெரியாத பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் வழியில் அடிபட்டார்கள். அவர்களுடைய சப்பாத்தும் காசும் பறிபோயின. வகுப்பறையிலும் நிம்மதி இல்லை. வாழ்நாளில் பென்சில் பிடிக்காத 14 வயதுப் பிள்ளையை, வயதைப் பார்த்து 14 வயதினரின் வகுப்பில் இருத்தினார்கள்.

அடி வாங்கும் பிள்ளை யாரிடம் போவான்? தகப்பனிடம் சொன்னால் பயனில்லை. அவரே பயந்து போயிருக்கிறார். பொலிசிடம் பெற்றோர் போகமாட்டார்கள். சீருடையைக் கண்டால் ஒளிந்துகொள்ளப் பழகிய மக்கள் அவர்கள். ஆகவே அடி வாங்கிய நான்கு பிள்ளைகள் சேர்ந்து நடக்கத் தொடங்கினார்கள். நான்கு பேர் பத்தானார்கள். அடித்தவர்களைத் திருப்பி அடித்தார்கள். கூட்டத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். 1980களில் லோங் பீச்சில் தோன்றிய கம்போடியக் குழு ஒன்று தன்னை ‘ரைனி ராஸ்கல்’ என்று அழைத்தது. சின்னக் குறும்பர்கள் என்பது அதன் பொருள். பெயரைப் பார்த்தாலே தெரியும், தொடங்கும்போது அவர்கள் எவ்வளவு சின்னப் பிள்ளைகள் என்பது. சென் போல் நகரில் 1980களின் நடுப்பகுதியில் தோன்றிய மொங் குழுக்களும் ஒன்றாகத் திரிந்த நண்பர்களாகவே தொடங்கின.

இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்தக் குழுக்கள் களவெடுப்பதற்காகத் தொடங்கியவை அல்ல. பயத்தில் தொடங்கியவை. வீடு கொடுக்க முடியாமற்போன காவலையும், ஊர் கொடுக்க முடியாமற்போன மதிப்பையும் அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

காவல் கப்பமாக மாறியது

பயத்தில் தொடங்கிய கூட்டம் ஏன் அதோடு நிற்கவில்லை? கூட்டம் நிலைக்கப் பணம் வேண்டும். பணத்துக்கு இலகுவான வழி, பொலிசுக்குப் போகாதவர்களிடம் பறிப்பது. பொலிசுக்குப் போகாதவர்கள் யார்? தங்கள் சொந்த மக்கள்தான்.

வியட்நாமிய அகதிகள் வங்கியை நம்பாமல் பணத்தையும் தங்கத்தையும் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். எம்மவரும் அப்படித்தானே? இதை அறிந்த இளைஞர்கள் தம் இனத்தவரின் வீடுகளுக்குள் ஆயுதத்தோடு புகுந்து குடும்பத்தைக் கட்டிவைத்துக் கொள்ளையடித்தார்கள். கடைக்காரரிடம் மாதக் கப்பம் வாங்கினார்கள்.

நியூயோர்க்கின் சீனர் குடியிருப்பில் 1980களின் இறுதியில் வளர்ந்த வியட்நாமிய இளைஞர் குழு ஒன்று தனக்கு வைத்த பெயரின் பொருள் ‘கொல்லப் பிறந்தவர்கள்’. அந்த வாசகம் அவர்கள் கண்டுபிடித்ததல்ல. வியட்நாமில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் தலைக்கவசங்களில் எழுதி வைத்தது. அந்தக் குழுவின் பிள்ளைகளில் பலர் பெற்றோர் இன்றித் தனியாக வந்தவர்கள். ஒருவனையாவது காப்பாற்றுவோம் என்று குடும்பம் படகில் ஏற்றி அனுப்பிய பிள்ளைகள். வளர்ப்பு வீடுகளில் ஒட்டாமல் ஓடிவந்த அவர்களுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தது அந்தக் குழு. பதிலுக்கு அவர்களைக் கொள்ளைக்கு அனுப்பியது. 1991 ஓகஸ்ட்டில் அதன் தலைவனும் முக்கியமானவர்களும் கைதாகும் வரை அங்கிருந்த ஆசியக் கடைக்காரர்கள் பயந்தே வாழ்ந்தார்கள்.

ஆகவே குழுவுக்கு இரண்டு பருவங்கள் உண்டு. முதற் பருவம் பயம்; இரண்டாம் பருவம் பணம். முதற் பருவத்தில் பிள்ளையின் தோளில் கை போட்டுக் கூட்டி வரலாம். இரண்டாம் பருவத்தில் அது இலகுவல்ல. அப்போது அவனைப் பயன்படுத்தி உழைக்கும் பெரியவர் ஒருவர் பின்னால் இருப்பார்.

ரொறன்ரோவில் எமது பிள்ளைகள்

‘அது அந்நியர் கதை, எமது பிள்ளைகள் அப்படியல்ல’ என்று யாரும் எண்ணவேண்டாம். 1983இன் பின்னர் தமிழர் கனடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடிய மீனவர்கள் மீட்டார்கள். தொடக்கத்தில் போனவர்களிற் பலர் தனித்த இளைஞர்கள். காணியை ஈடு வைத்து, நகையை விற்று, குடும்பம் அனுப்பிய பிள்ளைகள். அங்கே ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் பலர் சேர்ந்து வாழ்ந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, கடனை அடைத்தார்கள்.

அவர்களில் மிகப் பெரும்பாலானோர் உழைத்து முன்னேறினார்கள். சிலர் தெருவில் கூடினார்கள். 1990களில் ரொறன்ரோவில் இரண்டு தமிழ்க் குழுக்கள் பேர்பெற்றன. ஒன்று ‘வி.வி.ரி.’, வல்வெட்டித்துறையின் சுருக்கம். மற்றது ‘ஏ.கே. கண்ணன்’, துப்பாக்கியின் பெயரும் ஒருவரின் பெயரும் சேர்ந்தது. இந்த இரண்டு பெயர்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஒன்று விட்டுவந்த ஊரின் பெயர்; மற்றது விட்டு ஓடிய போரின் பெயர். ஊரையும் போரையும் அந்தப் பிள்ளைகள் தங்களோடு கொண்டு போயிருந்தார்கள்.

இரு குழுக்களும் பல ஆண்டுகள் ஒன்றையொன்று வேட்டையாடின. 1997 டிசம்பரில் ஸ்காபரோவில் ஒரு கோப்பிக் கடையில் இருந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். எந்தக் குழுவோடும் தொடர்பில்லாத 19 வயதுப் பிள்ளை அவன். ஆள் மாறிச் சுட்டுவிட்டார்கள். குண்டுக்குத் தப்பிக் கனடா போன ஒரு மக்கள் கூட்டம், அங்கே தன் பிள்ளையைத் தன் பிள்ளைகளின் குண்டுக்குக் கொடுத்தது.

வெகு தூரம் போகவும் வேண்டாம். போர் முடிந்த பின் வடக்கில் ‘ஆவா’ முதலிய பெயர்களில் தோன்றிய வாள்வெட்டுக் குழுக்களைப் பற்றி நாம் பத்திரிகைகளில் வாசித்தோம். வீடுகளை அடித்து உடைத்தவர்களும் அடிபட்டவர்களும் தமிழரே. எமது மாவட்டத்திலும் போதைப்பொருள் விற்பவர்கள் தேடுவது, சந்தியில் வேலையின்றி நிற்கும் பிள்ளையைத்தான்.

பிடித்து அனுப்பினால் தீருமா?

2001 ஒக்ரோபரில் ரொறன்ரோ பொலிசாரும் குடிவரவு அதிகாரிகளும் நடத்திய பெரும் தேடுதலில் இரு குழுக்களையும் சேர்ந்த பலர் ஒன்றாகப் பிடிபட்டார்கள். பலரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பும் நடவடிக்கை தொடங்கியது. குழுக்களின் பலம் குறைந்தது உண்மை. சட்டம் தன் வேலையைச் செய்ய வேண்டியதும் உண்மை. கொல்லப்பட்டவனின் தாய்க்கு நீதி வேண்டும்.

ஆனால் தண்டனை மட்டும் என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் காணலாம். 1996இல் அங்கே குடிவரவுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 2002 மார்ச்சில் கம்போடியாவுடன் ஓர் உடன்பாடு செய்யப்பட்டது. அதன்பின் குற்றம் செய்து தண்டனை முடித்த நூற்றுக்கணக்கான கம்போடிய இளைஞர்கள் கம்போடியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களிற் சிலர் தாய்லாந்து முகாமில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா போனவர்கள். கம்போடிய மண்ணில் ஒருநாளும் கால் வைக்காதவர்கள். கெமர் எழுத்தை வாசிக்கத் தெரியாதவர்கள். முகாமில் பிறந்தவன் அமெரிக்காவில் அந்நியனாக வளர்ந்து, தன் நாடு எனப்பட்ட நாட்டிலும் அந்நியனாக இறங்கினான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூடி நிற்பது குற்றமல்ல. 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே மாலையில் கூடியிருந்த 5 மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எந்தக் குழுவும் அல்லர், படிக்கும் பிள்ளைகள். சந்தியில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையையும் காவாலி என்று நாமே பெயர் சூட்டினால், அந்தப் பெயரைப் பயன்படுத்தப் பலர் காத்திருக்கிறார்கள். பிள்ளையும் சில வேளை, வைத்த பெயருக்கு ஏற்றபடியே நடந்துவிடுவான்.

வழி தவறாதவர்கள்

அகதிப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் குழுக்களுக்குப் போகவில்லை. அவர்களை எது காத்தது?

மொங் மக்களைப் பாருங்கள். ஃபிரெஸ்னோவுக்குப் பலர் போனதே, அங்கே நிலம் உண்டு, பயிர் செய்யலாம் என்ற நம்பிக்கையில்தான். சிறு துண்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து மரக்கறியும் ஸ்ட்ரோபெரிப் பழமும் பயிரிட்டார்கள். சென் போல் விவசாயிகள் சந்தையில் இன்று மரக்கறி விற்பவர்களில் மொங் குடும்பங்களே பெரும் பங்கினர். அவர்கள் 2011இல் ஒரு விவசாயிகள் சங்கம் அமைத்து, நகருக்கு வெளியே 155 ஏக்கர் பண்ணையைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து பயிர் செய்கிறார்கள். விடுமுறை நாட்களில் பாட்டி களை பிடுங்க, தகப்பன் அறுவடை செய்ய, பிள்ளை சந்தையில் வாடிக்கையாளரோடு ஆங்கிலத்தில் பேசி விற்றுக் கணக்குப் பார்க்கிறான். அங்கே தகப்பனின் அறிவும் வேண்டும், மகனின் மொழியும் வேண்டும். ஒருவர் மற்றவரைத் தாழ்த்தவில்லை.

எமக்கு அருகிலும் ஒரு முன்மாதிரி உண்டு. தமிழ்நாட்டுக்கு ஓடிய எம்மவருக்காக, தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் முதலானோர் 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார்கள். கல்வியை அவர்கள் முதல் வேலையாக எடுத்தார்கள். முகாம்களில் மாலை வகுப்புகள் நடந்தன. கற்பித்தவர்கள் முகாமிலேயே வாழ்ந்த மூத்த பிள்ளைகள். படித்தவன் கற்பித்தான், கற்றவன் பின்பு கற்பித்தான். ஒரு கூட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற இளம் வயதின் ஆசைக்கு அங்கே ஒரு நல்ல கூட்டம் கிடைத்தது. ரொறன்ரோவிலும் 1990களின் இறுதியில் தமிழ் இளைஞர்களே தமக்கென ஓர் இளைஞர் அபிவிருத்தி மையத்தை அமைத்துச் சிறுவர்களுக்குப் பாடமும் விளையாட்டும் வழித்துணையும் கொடுத்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை

இவற்றிலிருந்து எமது குடும்பங்களும் கிராமச் சங்கங்களும் எடுத்துக்கொள்ளக்கூடிய சில பாடங்கள் உண்டு.

1. தொடக்கத்திலேயே கேளுங்கள். 12 வயது முதல் 16 வயது வரையான காலமே முக்கியமானது. பிள்ளை ஏன் கூட்டத்தோடு போகிறான் என்று கேட்கும்போது, ‘உன்னை யாராவது அடிக்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா?’ என்பதையும் கேளுங்கள். பல குழுக்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2. நண்பர்களை வீட்டுக்கு அழையுங்கள். ‘அந்தப் பெடியங்கள் ஆர்’ என்று தெரியாமல் இருப்பதே ஆபத்து. ஒரு தேநீர் கொடுத்து, பெயரையும் தாய் தகப்பனையும் கேட்டுத் தெரிந்துகொண்டால், அந்தப் பிள்ளைகளும் உங்கள் கண்ணுக்கு உட்படுவார்கள்.

3. தகப்பனின் தொழிலை மகனுக்குக் காட்டுங்கள். சொந்த வயல் இல்லாவிட்டாலும் குத்தகைக் காணியில், வீட்டுத் தோட்டத்தில், பிறர் களத்தில் அவனையும் அழைத்துச் செல்லுங்கள். வேலைக்காரனாக மட்டும் நடத்தாமல் கணக்கையும் விலையையும் அவனிடம் கேளுங்கள். அவனுக்குத் தெரிந்த கைத்தொலைபேசியையும் மொழியையும் குடும்பத் தொழிலுக்குப் பயன்படுத்துங்கள்.

4. பிள்ளையைத் தனியாக அனுப்பும்போது எண்ணிப் பாருங்கள். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவதானால், அங்கே யாரோடு இருப்பான், யாரிடம் தன் கஷ்டத்தைச் சொல்லுவான் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பணம் அனுப்பச் சொல்லும் குரலை மட்டும் அவன் கேட்கக்கூடாது.

5. அறிவிக்கப் பயப்படாதீர்கள், ஆனால் தனியே போகாதீர்கள். கப்பம் கேட்பவர்களும் போதைப்பொருள் விற்பவர்களும் வாழ்வது எமது மௌனத்தில். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில், பள்ளிவாசல், ஆலயம் ஆகியவற்றின் பெரியவர்கள் சேர்ந்து போனால் ஒருவரும் தனித்து இலக்காக மாட்டார்.

6. விளையாட்டுக் கழகத்தையும் வாசிகசாலையையும் சிறிய விடயமாக எண்ணவேண்டாம். மீள்குடியேறிய கிராமத்தில் வீடும் மலசலகூடமும் கட்டுவதோடு திட்டம் முடிந்தது என்று எம்மைப் போன்ற நிறுவனங்களும் நினைத்ததுண்டு. அது எமது தவறு. பெயரும் சட்டையும் பொறுப்பும் உள்ள ஒரு கூட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். நாம் அமைக்காவிட்டால் வேறு யாரோ அமைத்துக் கொடுப்பார்கள்.

கயிற்றின் மறுநுனி

2016இல் கடற்படை இருந்த காணிகளும் விடுபட்டு சம்பூர் மக்கள் திரும்பியபோது நானும் போயிருந்தேன். வீடுகள் இல்லை, கிணறுகள் தூர்ந்திருந்தன, வேலிகள் இருந்த சுவடே இல்லை. மூத்தவர்கள் பனையையும் பழைய கிணற்றடியையும் குறியாக வைத்து எல்லை தேடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பலர் வீதியில் மோட்டார் சைக்கிள்களைச் சுற்றி நின்றார்கள். அது அவர்களுக்குத் தெரியாத நிலம்.

ஒரு தகப்பன், இடக்கையில் பழைய வெட்டுக்காயத் தழும்போடு நின்ற தன் மகனைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் நான் கண்ட அதே தகப்பன், அதே மகன். அவர் புத்தி சொல்லவில்லை; பழையதைப் பேசவுமில்லை. கையில் இருந்த அளவுக் கயிற்றின் ஒரு நுனியை நீட்டி, “தம்பி, இதைப் பிடிச்சுக்கொண்டு அந்தப் பனையடியில போய் நில். உங்க இருந்துதான் எங்கட காணி துடங்குது” என்றார்.

பிள்ளை சற்றுத் தயங்கினான். பின்பு மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்கி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அந்தத் தாய்க்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: மகனிடம் ‘எங்கே போனாய்’ என்று கேட்பதோடு நிற்காமல், அவன் பிடித்துக்கொள்ள ஒரு நுனியை அவனுடைய கையில் கொடுங்கள். காணி இன்னும் கிடைக்காத குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.